கயிறு கட்டிய ஸ்டூல்

அத்தியாயம் நான்கு

"உட்காருங்க" என்று அந்த அம்மாள் சொன்னபோது கூடத்தில் இரண்டே நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர். இன்னொன்றில் எங்கள் சார். எனக்கு மிஞ்சியது வாசற்கதவை ஒட்டி நின்ற ஒரு குட்டை இரும்பு ஸ்டூல். அதன் ஒரு காலில் நீல நைலான் கயிறு கட்டி, மிச்சக் கயிற்றை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

"ஓடிப்போயிடும்னு கட்டிப் போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டபடி உட்கார்ந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. ஆனால் சார் என்னைப் பார்த்த பார்வையில் பக்கத்து வீட்டுப் பாலும் திரிந்திருக்கும். சாவு நடந்த வீட்டில் ஜோக் அடிக்கிற ஜென்மம் நான் ஒருத்திதான். என்ன செய்வது, என் வாய் மூளைக்கு முன்னால் புறப்பட்டுவிடும்.

துப்பறிவது சாரின் வேலை. கார் துடைப்பது, ஃபைல் சுமப்பது, பேசக்கூடாத இடத்தில் பேசுவது என் வேலை. இருவரும் எங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறோம்.

கேஸ் இதுதான். போன வாரம் ஒரு காலையில் இந்த அம்மாளின் கணவர் தன் பழைய எஸ்யூவியோடு ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். விழுவதற்குச் சில நாட்கள் முன்புதான் அந்த வண்டியை உயரமாக்கிப் பெரிய டயர் போட்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பி. பட்டறை வைத்திருப்பவர். வண்டியைத் தூக்கிப் பார்த்த போலீஸ், பின்பக்கத்து பிரேக் ஹோஸ் அறுந்திருப்பதைக் கண்டது. தம்பி செய்த வேலை சரியில்லை, அதனால் பிரேக் பிடிக்கவில்லை, அண்ணன் போய்விட்டார் என்று கேஸை முடித்துவிட்டது. தம்பியும் மறுக்கவில்லை. "ஆமா, என் தப்புதான்" என்று இன்று சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகிறார்.

"என் கொழுந்தன் மேல தப்பில்லன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். மார்க்கெட்டில் காய் விலை கேட்பது போலச் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவன் அரைக்கால் சட்டை போட்டுட்டு இருந்தான். என் கையால சாப்பிட்டு வளர்ந்தவன்."

"தப்பு இருந்தா?" என்றார் சார்.

"இருக்காது."

"எப்படித் தெரியும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே பார்த்தார். செருப்புச் சேற்றோடு உள்ளே வந்துவிட்டேனோ என்று நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"தெரியும்" என்றார்.

*

பட்டறையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். யாருடைய வண்டியோ ஒன்று சக்கரம் கழற்றிய நிலையில் ஜாக்கி மேல் நின்றது. தரையில் கழற்றிய இடத்திலேயே நட்டுகள் கிடந்தன. தம்பி, அதாவது மெக்கானிக், கவிழ்த்த பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்து கையில் டீ கிளாஸை வைத்திருந்தார். டீயில் ஆவி பறந்தது. கிளாஸை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"சுடலையா?" என்றேன்.

"சுடுதா?" என்று கிளாஸைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. அதையும் பார்த்தார், வேறு யாருடைய கையோ போல.

"அண்ணி அனுப்பினாங்களா? வேண்டாம்னு சொன்னேன். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சிடும்."

"என்ன முடிஞ்சிடும்?" என்றார் சார்.

"எல்லாம்."

சார் பக்கத்தில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். பேன்ட் பாழாகும் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் கவனிக்கவில்லை.

"வண்டியில என்னென்ன வேலை பண்ணீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

வேலையைப் பற்றிக் கேட்டதும் மெக்கானிக்கின் கைகளுக்கு உயிர் வந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஸ்ப்ரிங் நாலும் மாத்தி, வண்டியை அரைச் சாண் மேல தூக்கினேன். ஷாக் அப்சார்பர் நீளமானது போட்டேன். டயர் பெருசு, வளைக்கறப்ப மட்கார்டுல உரசும், அதனால மட்கார்டு ஓரத்தை வெட்டினேன். வண்டி உசந்தா ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணைக் குத்தும், அதை இறக்கி வெச்சேன். டயர் பெருசானா வேகம் காட்டற முள் குறைச்சுக் காட்டும், அதை அண்ணன்கிட்ட சொல்லியும் வெச்சேன்."

"ஹேண்ட்பிரேக்?"

"நல்லா பிடிச்சுது. நானே டெஸ்ட் பண்ணினேன்."

"அப்ப எது தப்பாச்சு?"

"பின்னாடி பிரேக் ஹோஸ்." அவர் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். "மேல பாடி. கீழ ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஆக்ஸில். நடுவுல இந்த ரப்பர் ஹோஸ் வழியாத்தான் பிரேக் ஆயில் போகும். பாடி மேல போனா ஹோஸ் நீளம் பத்தாது. நீளமா ஒண்ணு ஆர்டர் போட்டேன், வரல. அண்ணன் கேக்கல, இப்பவே வேணும்னார். அதனால பழைய ஹோஸையே வெச்சு, அதைப் பிடிச்சிருக்கற கிளாம்பைத் தகடு போட்டுக் கீழ இறக்கினேன். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், போதுமானதா இருந்துச்சு." கைகள் மெல்ல இறங்கின. "இருந்துச்சுன்னு நினைச்சேன்."

"ஆசைப்பட்டுக் கேட்டாரா அண்ணன்?"

"ரொம்ப. வேலை முடிஞ்ச அன்னிக்கு டயரைத் தட்டிக்கொடுத்து, 'இனிமே எந்தக் கல்லும் நம்மள நிறுத்தாதுடா'ன்னார். சின்னப் பையன் மாதிரி."

"அவருக்கு முட்டி மடங்காதுன்னு உங்க அண்ணி சொன்னாங்களே. அவ்வளவு உசரத்துல ஏறினது எப்படி? ஏணி வெச்சா?" என்றேன் நான்.

"அதையேதான் நானும் கேட்டேன். 'நீ ஏத்திக் கொடுடா, நான் ஏறிக்கறேன்'னார். அதுக்குன்னு படி ஒண்ணு வெல்ட் பண்ணிக் கொடுத்தேன். வண்டியோடவே இருக்கும். அது இல்லாம அவரால ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. தனியா போனா, ஏறினதும் இப்படி மேல இழுத்துக்குவார்." கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல் கையால் காட்டினார். "காலையில ரொம்பக் கஷ்டம். வெயில் ஏறினாத்தான் அந்த முட்டி கொஞ்சமாவது அசையும்."

சார் எழுந்து பேன்ட்டைத் தட்டினார். கறை போகவில்லை.

"நாங்க வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க."

"சாயங்காலம் வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காங்க" என்றார் மெக்கானிக். பிறகு டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். அது அவர் நாக்குக்கும் சுடவில்லை.

*

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வண்டி கிடந்தது. கூரை நசுங்கி, கண்ணாடிகள் போய், உடம்பு முழுக்கக் காய்ந்த சேறு. அந்தப் பெரிய டயர்கள் மட்டும் புத்தம்புதுசாகத் திமிரோடு நின்றன. எனக்கு அவற்றைப் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியோடு வந்தார். கெட்டவர் இல்லை. பார்த்துப் பார்த்து மரத்துப் போனவர்.

"குவாரியில மீன் பிடிக்க வந்த ஆள் பார்த்துத் தகவல் சொன்னார் சார். பாதி வண்டி தண்ணிக்குள்ள. சீட்டுக்கு நடுவுல கிடந்தார். விழுந்த உடனே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். தனியா இருந்தார், அப்ப அவர்தானே ஓட்டியிருக்கணும்? மேல மண்ணுல சறுக்கின தடமே இல்ல. பிரேக் பிடிக்கலன்னு அர்த்தம். ஹோஸைப் பார்த்தோம், அறுந்திருக்கு. வேற என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் சார், தரையில் படுத்து வண்டிக்குக் கீழே தலையை நுழைத்தபடி. பேன்ட்டுக்குத் துணையாகச் சட்டையும் போயிற்று.

எனக்கு உள்ளே பார்க்கச் சொல்லி உத்தரவு. ஏறுவதற்குள் உயிர் போய் வந்தது. வாசல் என் இடுப்பளவு இருந்தது. ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி, கடைசியில் வயிற்றால் ஊர்ந்து உள்ளே விழுந்தேன். இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி நின்றது.

"ஒரு ஃபிளாஸ்க் சார். ஒரு துண்டு. ஜாக்கி. ஸ்பானர் பை. அப்புறம் சேறு, வேண்டிய மட்டும்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"ஹேண்ட்பிரேக்?"

"இறங்கியிருக்கு."

"கியர்?"

ஆட்டிப் பார்த்தேன். "நியூட்ரல்."

"உருண்ட வேகத்துல தட்டி விட்டிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். சார் அடியிலிருந்து வெளியே வந்தார். விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே, "இதை மேல தூக்கினது யாரு?" என்று கேட்டார்.

*

கிரேன்காரர் மலை மாதிரி இருந்தார். கையில் மை தொட்டு எழுதுவது போல ஒரு சின்ன பிரஷ். தன் கிரேன் லாரியின் கேபின் கூரையில் ஏறி உட்கார்ந்து, மஞ்சள் பெயின்டைத் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தார். யானைக்கு யாரோ நகச்சாயம் பூசும் வேலை கொடுத்தது போலிருந்தது.

"அந்தக் குவாரி வண்டியைப் பத்திப் பேசணும்" என்றார் சார்.

"அந்த வண்டியைப் பத்திப் பேசாதீங்க சார்!" என்று மேலிருந்தே கத்தினார் கிரேன்காரர். அந்த நாளில் முதன்முதலாக ஒரு மனிதர் உணர்ச்சியோடு பேசிக் கேட்டதில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. "இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருந்தேன். புதுப் பொண்ணு மாதிரி இருந்துச்சு என் வண்டி. அந்தக் குவாரித் தண்ணியில ஏதோ ஆசிட் இருக்கு. சொட்டின இடமெல்லாம் தோல் உரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. மேல வந்து பாருங்க!"

சார் ஏறிப் பார்த்தார். நானும் ஏறினேன், இன்று எனக்கு ஏறுகிற ராசி. மஞ்சள் பெயின்ட் அங்கங்கே சுருங்கி, கொப்புளம் விட்டு, உரிந்திருந்தது. கூரையின் ஒரு பக்கம் மட்டும். வரிசையாக.

"வண்டி முழுக்கத் தண்ணி சொட்டியிருக்குமே. இங்க மட்டும் ஏன் உரிஞ்சிருக்கு?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"தூக்கினப்ப என்ன நடந்துச்சு? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

கிரேன்காரர் பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டார். "பாடியில சங்கிலி போட்டுத் தூக்கினேன். கீழ ஷாக் அப்சார்பரெல்லாம் விழுந்ததுல முறிஞ்சு போயிருந்துச்சு. அதனால பின் சக்கரம் ரெண்டும் ஆக்ஸிலோட சேர்ந்து தொபக்குனு கீழ தொங்கிடுச்சு. 'டப்'புனு ஒரு சத்தம். எதுவோ அறுந்துச்சு. அப்புறம் இந்தப் பக்கம் திருப்பறப்ப, கேபின் மேல சொட்டிக்கிட்டே போச்சு."

"அறுந்ததுக்கு அப்புறம்தான் சொட்டிச்சா?"

"ஆமா. ஏன்?"

"தண்ணிக்குப் பெயின்ட்டை உரிக்கத் தெரியாது. பிரேக் ஆயிலுக்குத் தெரியும்."

கிரேன்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. காரில் ஏறியதும் நான் கத்தியே விட்டேன்.

"சார்! வண்டி விழுந்தப்ப ஹோஸ் அறுபடல! தூக்கினப்பத்தான் அறுந்திருக்கு! மேலயே அறுந்திருந்தா, அவர் மிதிச்ச மிதியில ஆயிலெல்லாம் பீய்ச்சியடிச்சு வெளிய போயிருக்கும். கிரேன் மேல சொட்ட என்ன மிஞ்சியிருக்கும்?"

"ஹோஸுக்கு வெளிய பூரா சேறு அப்பியிருந்துச்சு. அறுந்த வாய் மட்டும் சுத்தமா இருந்துச்சு" என்றார் சார். "ஷாக் அப்சார்பர் இருக்கற வரைக்கும் ஆக்ஸில் ஓரளவுக்கு மேல இறங்காது. தம்பி பண்ணின வேலை ஓட்டறதுக்குப் போதும். முறிஞ்சு அந்தரத்துல தொங்கறதுக்குத்தான் போதாது. அதுக்கு எந்த மெக்கானிக்கும் ஹோஸ் வெக்க மாட்டான்."

"அப்ப நேரா ஸ்டேஷன்! மெக்கானிக்கைக் காப்பாத்திட்டோம்! சார், ஒரு தடவையாவது சிரிங்களேன். காசா பணமா?"

சார் சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் நல்லா இருந்திருக்கு."

"ஆமா!"

"அப்ப ஏன் மிதிக்கல?"

என் சந்தோஷம் பொசுக்கென்று அடங்கியது. சறுக்கின தடம் இல்லை. பிரேக் நன்றாக இருந்தது. ஒரு மனிதர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியை விட்டிருக்கிறார் என்றால், அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அதை அந்த அம்மாளிடம் போய் எப்படிச் சொல்வது? கொழுந்தன் கொலைகாரன் இல்லைம்மா, உங்க வீட்டுக்காரர்தான் வாழப் பிடிக்காம போயிட்டார் என்றா? இதற்கு அந்த ஹோஸே அறுந்திருந்தால் தேவலை என்று தோன்றிவிட்டது எனக்கு.

"தற்கொலையா சார்?"

"அதுக்கு எதுக்கு ஃபிளாஸ்க்ல டீ?" சார் என் பக்கம் திரும்பினார். "அவர் அது இல்லாம ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாதுன்னு தம்பி ஒண்ணு சொன்னாரே. அது வண்டியில இருந்துச்சா?"

"படியா? இல்லையே. தண்ணில விழுந்திருக்கும்."

"இருக்கலாம். காலையில அந்த வீட்டுல நீ எதுல உட்கார்ந்திருந்தே?"

வாயைத் திறந்தேன். குட்டை இரும்பு ஸ்டூல். காலில் நீலக் கயிறு. ஏறினதும் இப்படி மேல இழுத்துக்குவார். அந்த அம்மாள் என் செருப்பைப் பார்க்கவில்லை. கேஸின் முழு விடையின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் ஜோக் அடித்திருக்கிறேன்.

"நானும்தான் பார்த்தேன். ஸ்டூல்னு நினைச்சேன்" என்றார் சார், வண்டியைக் கிளப்பியபடி.

*

அந்த அம்மாள் காலையில் நாங்கள் பார்த்த அதே நாற்காலியில் இருந்தார். ஜன்னலில் வெயில் இடம் மாறியிருந்தது. அவர் மாறவில்லை.

"ஹோஸ் நல்லாத்தான் இருந்திருக்கும்மா. கிரேன் தூக்கினப்ப அறுந்திருக்கு. உங்க கொழுந்தன் மேல தப்பே இல்ல" என்றார் சார்.

அவர் கண்களை மூடித் திறந்தார். "நல்லது. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன். அவர் அடுத்ததா ஒண்ணு கேப்பார். பிரேக் நல்லா இருந்தும் ஏன் மிதிக்கலன்னு. வண்டி ஏன் நியூட்ரல்ல இருந்துச்சுன்னு." சார் வாசற்கதவருகே போய் ஸ்டூலை எடுத்து வந்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் வைத்தார். "இது ஏன் வண்டியில இல்லாம வீட்டுல இருக்குன்னு நான் கேப்பேன்."

அந்த அம்மாள் ஸ்டூலைப் பார்த்தார்.

"எங்க வைக்கறதுன்னு தெரியல" என்றார். "உள்ள வந்தேன். கையில இருந்துச்சு. கதவுகிட்ட வெச்சேன். அப்புறம் அங்கயே இருக்கு."

சார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில்.

"காலையில போறப்ப நான்தான் ஓட்டுவேன். அவருக்கு அந்த நேரத்துல முட்டி மடங்காது. குவாரி ஓரத்துல சரிவா ஓர் இடம் இருக்கு. அங்க நிறுத்தி, தண்ணியைப் பார்த்துட்டு டீ குடிப்போம். வருஷக்கணக்கா அதே இடம்தான். சரிவுல ஒரு கல்லு இருக்கு. முன் சக்கரத்தை அதுல முட்டி நிறுத்திடுவேன். கியர்ல போட மாட்டேன், ஹேண்ட்பிரேக் போட மாட்டேன். அந்தக் கல்லுதான் எங்க ஹேண்ட்பிரேக். அதைத் தாண்டி ஒரு நாளும் நகர்ந்ததில்ல."

"புது டயர் போட்டதுக்கு அப்புறம் அங்க போனது?"

"அதான் முதல் தடவை." குரல் அப்படியே இருந்தது. "எப்பவும் போல முட்டி நிறுத்தினேன். நின்னுச்சு. நான் இறங்கிப் பின்கதவைத் திறந்து ஸ்டூலை எடுத்தேன். அவர் பக்கம் போட்டாத்தான் அவரால இறங்க முடியும். கதவைச் சாத்தினேன். அந்த அதிர்வுக்கு வண்டி நகர்ந்துச்சு. பழைய டயர் ஏறாத கல்லு. இது ஏறிடுச்சு. மெதுவா ஏறி, மெதுவா இறங்கிச்சு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் காலை நீட்டி பிரேக்கை மிதிக்கப் பார்த்தார். முட்டி மடங்கல. நான் கையில ஸ்டூலோட நின்னேன்."

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எட்டிப் பார்த்தேன். கூப்பிட்டேன். அப்புறம் நடந்து வந்ததுதான் ஞாபகம் இருக்கு. வழியில தெரிஞ்சவங்க ஒருத்தர் குட் மார்னிங் சொன்னாங்க. நானும் சொன்னேன்."

"போலீஸ் வந்தப்ப சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"அவங்களே எல்லாம் சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் தனியா போனாரான்னாங்க, தலையாட்டினேன். ஹோஸ் அறுந்துடுச்சுன்னாங்க, தலையாட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். அதைக் கேட்டப்ப ஒரு நிமிஷம் நல்லவேளைன்னு இருந்துச்சு. நான் நிறுத்தினது காரணமில்லையோன்னு. அப்புறம்தான் அது யார் தலையில விழுதுன்னு உறைச்சுது. சொல்லணும்னு வாயைத் திறந்தா சத்தம் வரல. யாராவது கண்டுபிடிச்சு வந்து சொன்னா, அதுக்கும் தலையாட்டிடலாம்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு முறை, மெதுவாக.

"அழுகைகூட வரல. எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. வர மாட்டேங்குது."

எனக்கு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. சார் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். அதில் கிரீஸ் இருந்தது.

"சாயங்காலம் ஆகுது" என்றார் அந்த அம்மாள். "அவன் கையெழுத்துப் போட்டுடுவான். கிளம்பலாம்." எழுந்து ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன். தரவில்லை.

*

சார் ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தினார். மேஜை மாதிரி சமதரை. நான் இறங்கி அந்த அம்மாள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹேண்ட்பிரேக் போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சும்மா."

"ஒரு தடவை பாருங்களேன்."

சார் குனிந்து பார்த்தார். இழுத்திருந்ததை இன்னும் ஒரு பல் இழுத்தார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் காலைத் தரையில் வைத்தார்.

உள்ளே மெக்கானிக் மேஜை முன் நின்றிருந்தார். கையில் பேனா. எதிரே இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் திருப்பி, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு மெக்கானிக் திரும்பினார். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்ததைப் பார்த்தார்.

தானே வெட்டி, தானே வெல்ட் வைத்து, தானே கயிறு கட்டிய ஸ்டூல். அது எங்கே இருக்க வேண்டும் என்று உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"அண்ணி" என்றார். "இது எப்படி உங்ககிட்ட?"

"பேனாவைக் கீழ வை தம்பி."

"அது வண்டியில இல்ல இருக்கணும்? அண்ணன் எப்படி..." பேச்சு நின்றது. பேனா மேஜையில் உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான்தான் ஓட்டிட்டுப் போனேன். அந்தக் கல்லுலதான் முட்டி நிறுத்தினேன், எப்பவும் போல. உன் ஹோஸ் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. எல்லாமே நல்லாத்தான் பண்ணியிருந்தே."

மெக்கானிக்கின் கால்கள் மடங்கின. அந்த அம்மாள் சட்டென்று ஸ்டூலை அவருக்குக் கீழே போட்டார். அந்தச் சில நாட்களில் அண்ணனுக்குப் போட்டுப் பழகிய கை. அவர் அதில் உட்கார்ந்து, உள்ளங்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு, காலையில் கொதிக்கும் கிளாஸைப் பிடித்த அந்தக் கை இப்போதுதான் எரிவது போல, உதறி உதறிச் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் அவர் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்கள் காய்ந்தே இருந்தன. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டு வேற எடுங்க சார்" என்றார். "நான் சொல்றேன், எழுதிக்கோங்க."